இருபத்தோராவது பொட்டு

என் மனைவி என்னுடைய மோட்டார் சைக்கிளை ‘மூத்தவ’ என்றுதான் சொல்வாள். வண்டி எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் கழித்துத்தான் அவள் வந்தாள் என்பதால் அந்தப் பட்டம். “மூத்தவளுக்கு எண்ணெய் ஊத்தியாச்சா?” “மூத்தவ மழைல நனையறா பாருங்க, போத்தி உடுங்க” என்பாள். மூத்தவளுக்கு முந்நூற்றைம்பது சிசி, ஒற்றை சிலிண்டர், சக்கரத்துக்கு நாற்பது கம்பி. முன்சக்கரத்தில் ஒரு கம்பி லேசாக வளைந்திருக்கிறது. எது என்று எனக்குத் தெரியும். பார்க்கும்போதெல்லாம் உறுத்தும்.

எண்ணுவது எனக்குத் தொழில் கொடுத்த வியாதி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கிற ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வார்த்து வருவதை எண்ணி, அளந்து, ‘இது போகலாம், இது போகாது’ என்று சொல்வதுதான் வேலை. ஓய்வு கொடுத்தவர்கள் எண்ணுவதை நிறுத்தச் சொல்லவில்லை. தட்டில் விழும் இட்லி, மின்கம்பியில் உட்காரும் காக்கை, மனைவி விடும் பெருமூச்சு எல்லாவற்றுக்கும் என்னிடம் கணக்கு உண்டு. கணக்கு ஒன்று குறைந்தால் சாப்பாடு இறங்காது.

கோயிலுக்குப் போகாதவன் நான். கல்லூரியில் படிக்கும்போது நெற்றியைக் காலி செய்தேன். அதற்குப் பிறகு அங்கே யாரையும் குடிவைத்ததில்லை. மனைவி திருப்பாச்சூர்க்காரி. சிவன் கோயில் மதிலுக்கு அடுத்த தெருவில் பிறந்தவள் என்பதால் சிவனைப் பற்றித் தன் பெரியப்பாவைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவாள். நாங்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததற்குக் காரணம் சில ஒப்பந்தங்கள். அவற்றில் ஒன்று ஆயுத பூஜை. முந்தின நாள் வண்டியைக் கழற்றிச் சுத்தம் செய்வது என் பங்கு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் வருடாந்திரப் பராமரிப்பு. பூஜை அவள் பங்கு. மறுநாள் காலை பொட்டுகளைத் துடைப்பது மறுபடி என் பங்கு.

ஆயுத பூஜையின் பலம் என்ன என்று தெரியவேண்டுமானால் எங்கள் தொழிற்பேட்டைக்கு வந்து பார்க்கவேண்டும். உலைக்கு மாலை போடுவார்கள். கிரேன் கொக்கியில் வாழைக்கன்று கட்டுவார்கள். கம்ப்யூட்டருக்கு, கழிவறை மோட்டாருக்கு, மேனேஜர் காருக்கு, எதற்கும் பாரபட்சம் கிடையாது. ஒரு வருஷம் கைரேகை வைத்து வருகை பதியும் பெட்டி புதிதாக வந்திருந்தது. பக்திமான் ஒருவர் சரியாக அதன் கண்ணாடியிலேயே சந்தனம் வைத்துவிட்டார். மறுநாள் காலை ஷிப்டு முழுக்க ஆப்சென்ட். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்புக்கு இப்போது வட்டியோடு கிடைத்திருக்கிறது.

போன ஆயுத பூஜைக்கு கார்பரேட்டரையும் சேர்த்து முழுதாகக் கழற்றினேன். அதற்குள் ஒரு சின்ன உருளை இருக்கும், ஸ்லைடு என்பார்கள். கைப்பிடியை முறுக்கினால் கேபிள் அதை மேலே இழுக்கும், வண்டி சீறும். கையை விட்டால் ஒரு ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளும், வண்டி அடங்கும். ஓட்டுகிறவன் உயிர் அந்தக் கட்டைவிரல் நீளத்து உருளை கீழே இறங்குவதில்தான் இருக்கிறது. அது திரும்பிக்கொள்ளாமல் நேராக ஏறி இறங்க, அதன் முதுகில் நெடுக ஒரு காடி வெட்டியிருக்கும். கார்பரேட்டரின் உள்சுவரில் நிற்கும் ஒரு குட்டி ஆணி அந்தக் காடிக்குள் ஓடும்.

எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவி எவர்சில்வர் தாம்பாளத்தில் வரிசையாக வைத்தேன். பூஜை அன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பது அவள் சட்டம். எனவே தாம்பாளம் அப்படியே பூஜைக்குப் போனது. பூஜை முடிந்ததும் கேட்டேன்.

“எத்தினி பொட்டு வச்சே?”

“இருபத்தொண்ணு. நான் எப்பவும் ஒத்தப்படைலதான் வெப்பேன்.”

மறுநாள் துடைத்தேன். முன்விளக்கு, டேங்க், சங்கிலி மூடி, ஸ்பானர்கள், தாம்பாளத்துச் சாமான்கள். இருபதுதான் வந்தது. மட்கார்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சைலன்சருக்குள் டார்ச் அடித்தேன். இருபதுதான்.

“ஒண்ணு குறையுதே.”

“எனக்கு எண்ணத் தெரியாதுன்றீங்களா? இருபத்தொண்ணு வச்சேன். சரியாத் தேடுங்க.”

அவளுக்கு எண்ணத் தெரியாது என்று முடிவு கட்டி, கழற்றியதை எல்லாம் மறுபடி பூட்டினேன். இருந்தாலும் அன்று சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

கொஞ்ச நாளில் வினை வந்தது. நல்ல வெயில். புதுவாயல் கூட்டுரோட்டில் நானும் என் சிநேகிதரும் தினம் உட்காரும் டீக்கடை இருக்கிறது. அவரும் எங்கள் கம்பெனியில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், என்னைப்போலவே காலி நெற்றி. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டில் போகிறவர்கள் நெற்றிகளுக்கு மார்க் போடுவது எங்கள் பொழுதுபோக்கு. பட்டை போட்டவர், நாமம் இட்டவர், குங்குமத்தைக் கொட்டிக்கொண்டவர் என்று யாரையும் அவர் விடமாட்டார். “அங்க பாரு, நெத்தில போஸ்டர் ஒட்டிக்கினு போறான்” என்பார்.

அன்று கடையை நெருங்கும்போது கைப்பிடியை விட்டேன். வண்டி விடவில்லை. விட்ட இடத்திலேயே நின்றுகொண்டு சீறியது. கிளட்சைப் பிடித்ததும் இஞ்சின் கத்திய கத்தலில், எதிரே நின்ற கம்பெனி பஸ்ஸிலிருந்து பதினோரு தலைகள் எட்டிப் பார்த்தன. சாவி முன்விளக்குக்கு மேல் இருக்கிறது. அதைத் திருப்பக் கை போவதற்குள், பஜ்ஜிக்கடைக்காரர் தண்ணீர் பிடித்து வைத்திருந்த நீல டிரம்மை மூத்தவள் முட்டிவிட்டாள். டிரம் சாய்ந்தது. நான் அதன் மேல் சாய்ந்தேன். அடி இல்லை, மானம் முழுக்க நனைந்தது.

சிநேகிதர் பெஞ்சிலிருந்து எழுந்திருக்காமல் கேட்டார். “இன்னாபா, வெயிலுக்குக் குளிக்கறியா?”

வீட்டுக்குச் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. மனைவி வாசலில் நின்று, முதலில் என்னை, பிறகு மூத்தவளை, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு போனை எடுத்து மகனை அழைத்தாள். அவன் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்க்கிறான். கப்பல் பார்க்கிறவனுக்கு மோட்டார் சைக்கிள் எல்லாம் பொம்மை.

“அப்பா, போதும்பா. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் பழைய இரும்பு எடுக்கறான். நேரா உலைக்குத்தான் போடுவான். உங்க வண்டி கம்பியாகி யாரோ ஊட்டு லிண்டல்ல நிக்கும். அங்க யாரையும் முட்டாது.”

அவன் தமாஷாகத்தான் சொன்னான். மனைவி தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பித் தீர்ப்புச் சொன்னாள்.

“கார்த்திகை முடியறவரைக்கும் டைம் குடுக்கறேன். சரி பண்ணுங்க. பண்ணிட்டு, என்னைப் பின்னாடி ஏத்திக்கினு திருப்பாச்சூர் போய்த் திரும்பி வரணும். வழியில ஒரே ஒரு தடவை ஆக்ஸிலேட்டர் மாட்டிச்சின்னா, நான் எறங்கிப் பஸ்ல வந்துருவேன். மறுநாள் இரும்புக்காரன் வருவான். எனக்குத் தாலிதான் முக்கியம், மூத்தவ இல்ல.”

கும்மிடிப்பூண்டியிலிருந்து புதுவாயல், அங்கிருந்து பெரியபாளையம், திருவள்ளூர், அப்புறம் திருப்பாச்சூர். மழையும் வெயிலும் மாறி மாறி வரும் கார்த்திகை. நான் ஒப்புக்கொண்டேன். வேறு வழி இல்லை. கால் நடக்கவிடாது, மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் அவர்கள் போடும் பிரேக்கை நான் எண்ணிக்கொண்டே வருவதால் யாரும் இரண்டாம் முறை ஏற்றிக்கொள்வதில்லை. மூத்தவள் போய்விட்டால் நான் வாசற்படியோடு சரி.

முதலில் புதுவாயல் மெக்கானிக்கிடம் போனேன். அவன் வண்டியைத் தொடவில்லை. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தான்.

“நைனா, இது வண்டி பேஜாரு இல்ல. பெட்ரோல் பேஜாரு. எத்தனால் கலக்கறானுங்க இல்ல, அது உள்ள போய் எல்லாத்தையும் ஒட்ட வச்சிருது. உன் வண்டி பொறந்தப்போ பெட்ரோல் பெட்ரோலா இருந்துச்சி.”

“அதுக்கு இன்னா பண்றது?”

“கேபிள் மாத்திடலாம்.”

எத்தனாலுக்கும் கேபிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். “இருக்கு நைனா” என்றான். புதுக் கேபிள் போட்டான். திரும்பும் வழியில், கம்பி உருட்டும் ஆலைக்கு நேர் எதிரே, ஆக்ஸிலேட்டர் மறுபடி மாட்டியது. இந்த முறை என் கை சாவியிலேயே இருந்ததால் உடனே அணைத்தேன். ஆலைக்குள் பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நுழைந்துகொண்டிருந்தது. அதன் உச்சியில் துருப்பிடித்த ஒரு டேங்க் தெரிந்தது. ஏதோ ஒரு மோட்டார் சைக்கிளுடையது. நான் மூத்தவளின் கண்ணை, அதாவது முன்விளக்கை, கையால் மறைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

அடுத்து நானே இறங்கினேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் கடை விரித்தேன். கார்பரேட்டரைக் கழற்றினேன். ஜெட்டுகளை ஊதினேன். ஸ்லைடைப் பெட்ரோலில் ஊறவைத்துத் துணியால் துடைத்தேன். அதன் முதுகுக் காடியில் மஞ்சளாக ஒரு கறை பிடித்திருந்தது. நின்றுபோன பெட்ரோல் காய்ந்தால் அப்படித்தான் மஞ்சளாகப் படியும், எல்லாப் பழைய கார்பரேட்டரிலும் இருப்பதுதான். பெட்ரோல் கறை என்று விட்டுவிட்டேன். காற்றுத் திருகை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறக்கவேண்டும்; அதை மட்டும் நான்கு முறை மூடித் திறந்து சரிபார்த்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “முடிஞ்சுதா? போய்க் குளிச்சிட்டு வாங்க. பெட்ரோல் நாத்தம் ஊடு பூரா அடிக்குது. குளிச்சிட்டு வந்து மாட்டுங்க.”

குளித்துவிட்டு வந்து மாட்டினேன். ஓட்டினேன். மாட்டிக்கொண்டது.

மறுபடி கழற்றினேன். மறுபடி கழுவினேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். கார்பரேட்டருக்கென்றே விற்கிற ஸ்பிரே ஒன்றை வாங்கி அடித்தேன். “குளிச்சிட்டு வாங்க” என்றாள். குளித்தேன். மாட்டினேன். மறுபடியும் மாட்டிக்கொண்டது. பார்க்கப்போனால் முதலில் இருந்ததைவிட இப்போது மோசம்.

இதற்கு நடுவில் என்னைப் பைத்தியமாக்கிய விஷயம் ஒன்று உண்டு. மழைநாளில் வண்டி மாட்டவே இல்லை. வெயில் நாளில்தான் மாட்டியது. உலகத்தில் எல்லா வண்டியும் மழையில் முரண்டு பிடிக்கும். வெயில் வந்தால் சரியாகும். இது தலைகீழ். மழையில் நனைந்துகொண்டு டீக்கடைக்குப் போனால் ஸ்லைடு வெண்ணெயாக இறங்கும். திரும்பும்போது வெயில் வந்துவிட்டால் போச்சு. ஒட்டுவது எத்தனால் என்றால் அது மழையிலும் ஒட்டவேண்டாமா?

சிநேகிதரிடம் கேட்டேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டு நிதானமாக யோசித்தார்.

“உன் வண்டிக்கு வெயில் ஆவாதுபா. ஊட்டிக்குக் கூட்டிக்கினு போ. அங்கேயே ஒரு ரூம் எடுத்துக் குடு.”

“யோவ், நான் சீரியஸா கேக்கறேன்.”

“நானும்தான். உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லி ஏதாவது வேண்டிக்கச் சொல்லு. உன்னால ஒண்ணும் ஆவல இல்ல?”

இரண்டு பேரும் சிரித்தோம். பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் நெற்றிக்கு அவர் பத்துக்கு மூன்று போட்டார். மனைவி ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

கார்த்திகை கடைசிக்கு வந்துவிட்டது. மனைவி தங்கைக்குப் போன் செய்து, நாளைக்கு வருகிறோம், மதியச் சாப்பாடு அங்கேதான் என்று சொன்னாள். “வண்டிலதான் வரோம். போறப்போ பஸ்ஸா இருந்தாலும் இருக்கும்” என்று சேர்த்துக்கொண்டாள். மகன் அந்தப் பழைய இரும்புக்காரனிடம் பேசிவிட்டதாகச் செய்தி அனுப்பினான். வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாத வானத்தை அப்போதுதான் முதல்முறையாக வெறுத்தேன்.

மறுநாள் காலை கடைசி முறையாகக் கழற்றினேன். எல்லாவற்றையும் தொட்டி விளிம்பில் காயவைத்தேன். ஸ்லைடுக் காடியில் அந்த மஞ்சள் கறை முன்னைவிடத் தடித்திருந்தது. குச்சியால் சுரண்டினேன், கொஞ்சம் உதிர்ந்தது. “குளிச்சிட்டு வாங்க” என்ற குரல் வந்தது. போனேன். சோப்பு இல்லை. எடுக்கத் திரும்பி வந்தேன்.

மனைவி தொட்டியருகே குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையில் என் ஸ்லைடு. தரையில் சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ். உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, காடிக்குள் அழுத்தி, ஊசியில் நூல் கோப்பதுபோலக் கண்ணைச் சுருக்கி, அதற்கு மேல் ஒரு துளி குங்குமமும் வைத்தாள்.

“இன்னாமே பண்றே?”

கையை உதறிக்கொண்டு எழுந்தாள். ஆனால் திருட்டு முழி முழிக்கவில்லை. அது அவள் வழக்கமில்லை.

“பாத்தா தெரியல? பொட்டு வெக்கிறேன்.”

“அதுலியா?”

“பின்ன எதுல வெக்கிறது? வெளிய வச்சா நீங்க துடைச்சிர்றீங்க. ஆயுத பூஜைக்கு இதுல வச்சேன். குழியா இருந்துச்சி, நிக்கும்னு வச்சேன். நீங்க பாக்கல. அதான் அந்த டிரம்முல உழுந்தப்போ ஒண்ணும் ஆவாம எழுந்து வந்தீங்க.”

இருபத்தொன்று. எனக்கு முதலில் வந்தது கோபமே இல்லை, நிம்மதி. கணக்கு சரியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது.

“அப்புறம் நான் கழட்டினப்பல்லாம்?”

“கழட்டினப்பல்லாம் வச்சேன். மாட்டறது அதிகமாச்சி, நானும் கொஞ்சம் அதிகமா வச்சேன்.”

நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி மாட்டுகிறது என்று இவள் பொட்டு வைத்திருக்கிறாள்; பொட்டு வைத்ததால் வண்டி மாட்டியிருக்கிறது; மாட்டியதால் இன்னும் பெரிய பொட்டு. நான் ஒவ்வொரு முறையும் பெட்ரோலில் கழுவி, குளிக்கப் போய், அவளுக்கு வழிவிட்டிருக்கிறேன். எத்தனாலைத் திட்டினோம், கேபிளைத் தூக்கி எறிந்தோம். சிவபெருமான் காடிக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“இதனாலதான்மே மாட்டுது.”

“வாய்க்கு வந்ததச் சொல்லாதீங்க. சாமி பொட்டு வண்டிய மாட்ட வெக்குமா?”

சொன்னால் ஒப்பமாட்டாள் என்று தெரியும். செய்து காட்டவேண்டும். ஸ்லைடை வாங்கி வெயிலில் வைத்தேன். சந்தனம் காயும்வரை அதன் இரண்டு பக்கமும் நாங்கள் இரண்டு பேரும் காவல் உட்கார்ந்தோம். ஒரு காக்கை வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விரட்டினோம். காய்ந்ததும் ஸ்லைடைக் கார்பரேட்டருக்குள் நுழைத்து, நிமிர்த்திப் பிடித்து, விரலை எடுத்தேன். தானாக விழவேண்டிய உருளை பாதியில் நின்றது. ஆட்டினேன். அசையவில்லை.

வெளியே எடுத்துப் பெட்ரோலில் முக்கினேன். பொட்டு அப்படியே இருந்தது. பிறகு அவள் கையிலேயே கொடுத்து, “தண்ணில போடு” என்றேன். தொட்டித் தண்ணீரில் அலசினாள். மஞ்சளாகக் கரைந்து ஓடியது. பெட்ரோலில் எத்தனை முறை ஊறவைத்தாலும் கரையாத கறை. மழை ஈரத்தில் இளகி, வெயிலில் இறுகிய கறை. துடைத்து மறுபடி நுழைத்தேன். விரலை எடுத்ததும் ‘டக்’ என்று அடியில் போய் உட்கார்ந்தது. அதைப்போல இனிமையான சத்தத்தை நான் கேட்டு இரண்டு மாசமாகியிருந்தது.

அவள் தண்ணீரில் ஓடும் மஞ்சளையே பார்த்தாள்.

“அப்போ நான்தான் உங்கள அந்த டிரம்முல தள்ளி உட்டேனா?”

நான் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இத்தனை வருஷமும் அவள் சாமிகளைப் பற்றி நான் சேர்த்து வைத்திருந்த வசனங்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. முதல் வசனம் வெளியே வருவதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள்.

“இருங்க. மொதத் தடவை கழட்டினப்போ பொட்டு இருந்துச்சி இல்ல? கண்ணுல படலையா?”

“மஞ்சளா இருந்துச்சி. பெட்ரோல் கறைன்னு நெனச்சேன்.”

“சந்தனத்துக்கும் பெட்ரோல் கறைக்கும் வித்தியாசம் தெரியாமயா கம்பெனில அத்தினி வருஷம் செக் பண்ணிக்கினு இருந்தீங்க? அங்கேருந்து போன இரும்புல கட்டின ஊடுல்லாம் இன்னும் நிக்குதா, விசாரிச்சீங்களா?”

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வரிசையில் நின்ற என் வசனங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து போயின. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வண்டியை மாட்டினேன். உதைத்தேன். முறுக்கினேன், விட்டேன், முறுக்கினேன், விட்டேன். ஒவ்வொரு முறையும் ‘டக்’. ஹெல்மெட்டை எடுத்தேன். அவள் புடவை மாற்றி, பை எடுத்து, பூட்டைப் பூட்டிவிட்டு வந்தாள். வந்தவள் ஏறவில்லை.

“பொட்டு இல்லாம நான் ஏற மாட்டேன்.”

“டேங்குல வையி. இன்னிக்குத் துடைக்க மாட்டேன்.”

“துடைப்பீங்க. பெட்ரோல் போடறப்போ துடைப்பீங்க. எனக்கு உங்களத் தெரியும்.”

“முன்விளக்குல வையி.”

“அதான் மொதல்ல துடைப்பீங்க. வெளிச்சம் கொறையுதும்பீங்க.”

“பின்ன எங்கதான் வெக்கணும்ன்றே?”

அவள் என் நெற்றியைப் பார்த்தாள்.

“வேணாம்” என்றேன்.

“வண்டிக்குள்ள வெக்கக் கூடாது, சரி. உழுந்தா ரெண்டு பேரும்தான உழப்போறோம்? யாராவது ஒருத்தருக்குப் பொட்டு இருக்கணும். வண்டிக்கா, உங்களுக்கா, நீங்களே சொல்லுங்க.”

“உனக்குத்தான் இருக்கே.”

“நானா ஓட்டறேன்?”

“காலேஜ்ல படிக்கறப்பவே உட்டதுமே இது.”

“சரி.” பையிலிருந்து போனை எடுத்தாள். “இரும்புக்காரன் நாளைக்குத்தான் வரணும்னு இல்லியே. இன்னிக்கே வரட்டும்.”

அவள் மகனின் எண்ணைத் தேடுகிற மாதிரி தேடினாள். கண்ணாடி போடாமல் அவளால் எண்ணைப் படிக்க முடியாது. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் துருப்பிடித்த டேங்க்கை ஏற்றிப்போன அந்த லாரி ஞாபகம் வந்தது. நான் குனிந்தேன்.

சில்லென்று இருந்தது. அவ்வளவுதான். இத்தனை வருஷக் கொள்கைக்கு ஒரு இடி இடித்திருக்கலாம். ஹெல்மெட்டைக் கவனமாக மாட்டிக்கொண்டேன்.

பெரியபாளையம் வரை என் இடது கை ஒவ்வொரு வேகத்தடைக்கும் சாவிக்குப் போய்ப் போய் வந்தது. அவள் விரல்கள் என் தோளில் இருந்தன. நான் ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் அவை இறுகும், வண்டி அடங்கியதும் தளரும். நல்ல வெயில். வயலில் கொக்குகள். திருவள்ளூருக்குள் மார்க்கெட் நெரிசல், ஆட்டோக்கள், நட்டநடு ரோட்டில் அசைபோடும் மாடு. முறுக்கினேன், விட்டேன். முப்பதுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். நான் எதையாவது எண்ணி நிறுத்தியது அதுதான் முதல்முறை.

திருப்பாச்சூரில் அவள் கோயிலுக்குள் போனாள். நான் வழக்கம்போல வெளியே வண்டிக்குக் காவல். ஹெல்மெட்டோடு வேப்பமரத்தடியில் நின்ற என்னைப் பூக்காரி இரண்டு முறை பார்த்தாள். கொழுந்தியாள் வீட்டிலும் வாசலிலேயே கழற்றி, சோறு முடியும்வரை துண்டைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். “மாமாவுக்குத் தலைவலி” என்று மனைவி சொன்னாள். துடைத்தால் என்ன என்று கேட்பீர்கள். திரும்பும் தூரம் பாக்கி இருந்தது. ஏறுவதற்கு முன்னால் அவள் என் நெற்றியைப் பார்ப்பாள்.

புதுவாயலில் அவளுக்கு டீ வேண்டுமாம்.

“ஊட்டுக்குப் போய்க் குடிக்கலாம்.”

“எனக்கு இங்கதான் வேணும்.”

டீக்கடைப் பெஞ்சில் சிநேகிதர் இருந்தார். வேறெங்கே இருப்பார். பஜ்ஜிக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் டிரம்மை நகர்த்தி வைத்தார். நான் டிரம்முக்கு ஒரு முழம் முன்னால் கைப்பிடியை விட்டேன். மூத்தவள் மடியில் படுத்த பூனைபோல அடங்கி நின்றாள்.

மனைவி இறங்கிப் புடவையை உதறினாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மகனுக்குப் போன் செய்தாள். “டேய், அந்த இரும்புக்காரன வர வேணாம்னு சொல்லு. ஆமா. வண்டி நல்லாத்தான் கீது. அப்பாதான் சரி பண்ணாரு.” போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினாள்.

டீ வந்தது. ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, கிளாஸை உள்ளே கொண்டுபோனேன். கிளாஸ் தாடைப்பக்கம் இடித்தது. தலையை அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன்.

சிநேகிதர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னாபா, டீக்கெல்லாமா ஹெல்மெட்டு? சூடு அவ்ளோ டேஞ்சரா?”

“பழகிக்கிறேன். போலீஸ் கெடுபிடி.”

“டீக்கடைலயா?”

“எங்கியும்தான்.”

கார்த்திகை வெயில். உள்ளே வேர்த்துக் கொட்டியது. நெற்றியிலிருந்து ஏதோ கிளம்பி, புருவத்துக்கு நடுவில் இறங்கி, மூக்குத்தண்டின் வழியே ஊர்ந்து, நுனிக்கு வந்து நின்றது. சந்தனம் தண்ணீரில் கரையும் என்பதைக் காலையில் நான்தான் நிரூபித்திருந்தேன். மனைவி டீ கிளாஸுக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

சிநேகிதர் பெஞ்சிலிருந்து முன்னால் சாய்ந்தார்.

“மூக்குல இன்னாபா, மஞ்சளா?”

“பெட்ரோல் கறை” என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். மறுபடி என் மூக்கைப் பார்த்தார். பிறகு பின்னால் சாய்ந்து, மிச்சமிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

“ஆமாமா” என்றார். “பெட்ரோல்ல இப்போ எத எதையோ கலக்கறானுங்க.”